பதினான்கு கோழிகள்

தூதுவர் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்ட படம் இன்னும் அந்தக் கட்டடத்தின் சுவரில் தொங்குகிறது. படத்தில் அவர் சிரிக்கிறார். கையில் ஒரு கோழித் தொடை. அது எந்தக் கோழியுடையது என்று சொல்ல முடியாது. பதினான்கு கோழிகளை ஒரே சட்டியில் போட்டு ஆக்கினால் அடையாளம் எங்கே மிஞ்சும்? ஆனால் அந்தப் பதினான்கில் ஒன்று என் மகள் நிலுக்ஷியுடையது.

மலை சரிந்து மண் வந்த அன்று நான் முதல் பஸ்ஸில் பதுளை ஆஸ்பத்திரிக்குப் பிரஷர் மாத்திரை எடுக்கப் போயிருந்தேன். அதனால்தான் உயிரோடு இருந்து இதை எழுதுகிறேன். திரும்பி வந்தபோது நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான மேல் லயம் இருந்த இடத்தில் சேறும் கல்லும் பிடுங்கிய தேயிலைச் செடிகளும் இருந்தன. என் கணவர் ஜோன்சனை மூன்றாம் நாள் எடுத்தார்கள். நிலுக்ஷியை எடுக்கவே இல்லை. அவள் வளர்த்த புள்ளிக் கோழி மட்டும் ஒரு வாரம் கழித்துப் பணிய லயத்துப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்தது. அது எப்படித் தப்பியது என்று எல்லோரும் அதிசயப்பட்டார்கள். நான் அதிசயப்படவில்லை. கோழிக்கு யாரும் அறிவித்தல் கொடுக்கவில்லை, அது தானாகப் போய்விட்டது. எங்களுக்கும் யாரும் கொடுக்கவில்லை, ஆனால் நாங்கள் கொடுப்பார்கள் என்று காத்திருந்தோம்.

செத்தவர்களின் கணக்கு எடுக்க வந்த அலுவலரிடம் நான் கேட்ட முதல் வார்த்தை, "தேத்தண்ணி குடிக்கிறீங்களாங்க?" என்பது. எங்கள் தோட்டத்தில் வாசலுக்கு வந்தவர் யாராக இருந்தாலும் அப்படித்தான். கல்யாணத்துக்கு அழைக்க வந்தாலும், கரண்ட் கம்பியை வெட்ட வந்தாலும், முதலில் தேத்தண்ணி. மகளின் வயதைக் கேட்டு எழுதிக்கொண்டே அவர் சீனி கொஞ்சம் கூடப் போடச் சொன்னார். போட்டேன்.

மிஞ்சிய குடும்பங்களைப் பணிய லயத்திலேயே நெருக்கி வைத்தார்கள். பணிய லயம் என்றால் கீழே இருக்கும் லயம். மேல் லயத்தை விழுங்கிய அதே மலை அதற்கும் மேலேதான் நிற்கிறது. பதினான்கு குடும்பம், பத்துக் காம்பரா; காம்பரா என்றால் ஒற்றை அறை. பின்சுவரில் ஒரு வெடிப்பு. முதலில் தாள் நுழைந்தது, சித்திரையில் விரல் நுழைந்தது, ஆனியில் என் கையே நுழைந்தது. மண்ணைச் சோதிக்க வந்தவர்கள் தோட்டம் முழுக்க நடந்து பார்த்துவிட்டு, வீடு கட்டத் தகுந்த இடம் பந்துத்திட்டு ஒன்றுதான் என்று எழுதிக் கொடுத்தார்கள். பிள்ளைகள் பந்தடிக்கிற அந்தச் சமதரையில் பதினான்கு வீடு. ஐப்பசி மழைக்கு முன் அது வேண்டும். எங்களுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

நான் பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சை வரை படித்தவள். கொழுந்து பறிக்கிறவள்தான், ஆனால் தோட்டத்தில் யாருக்குக் கடிதம் எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். வீடு கேட்டு அனுப்பிய கடிதத்தையும் நான்தான் எழுதினேன். கூட்டாமல் குறைக்காமல் எழுதினேன். காலையிலும் இரவிலும் ரொட்டி, மத்தியானம் கிடைத்தால் சோறு. இறைச்சி கண்டு மாதக்கணக்காகிறது. முட்டை பிள்ளைகளுக்கு மட்டும். சுவர் வெடிப்பில் கை நுழைகிறது. மழைக்கு முன் எங்களை இங்கிருந்து எடுங்கள். வீட்டுக்கு ஒருவராகப் பதினான்கு பேரும் கையெழுத்து வைத்தோம்.

அந்தக் கடிதத்தை ஒரு வெளிநாட்டுத் தூதரகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது நிஷாந்தினி மிஸ். பதுளையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. அப்பா பக்கத்துத் தோட்டத்தில் கிளாக்கராக இருந்தவர். மிஸ்ஸும் ரொட்டி தின்று வளர்ந்த பெண்தான். ஆனால் ரொட்டியைப் பற்றிப் பேசும்போது எங்கேயோ தூரத்தில் கண்டுபிடித்த பொருளைப் பற்றிப் பேசுவது போலப் பேசுவார். ஒருநாள் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் எங்களைக் கூட்டி விஷயத்தைச் சொன்னார்.

"தூதுவரே வாறாருங்க. உங்க லெட்டர படிச்சிட்டாரு. வீட்டுத் திட்டத்துக்குக் காசு இருக்கு, எந்தத் தோட்டத்துக்குன்னுதான் முடிவாகல. அவரு ஒவ்வொரு எடத்துக்கும் போயி சனங்களோட உக்காந்து சாப்பிட்டுப் பாக்குறாரு. 'சுவைப் பாலம்'னு புரோகிராம். சாப்பாடுதான் நாட்டையும் நாட்டையும் சேக்கிற பாலமாம்."

"பாலம்னா ஆத்துக்குக் குறுக்க போடுங்க மிஸ்," என்றாள் பெரியாயி அக்கா. "பள்ளிக்கூடத்துப் புள்ளைக தண்ணியில எறங்கித்தான் போகுதுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மிஸ்ஸும் சிரித்தார், குறிப்புப் புத்தகத்தில் எதுவும் எழுதவில்லை.

"நீங்க வழக்கமா என்ன சாப்பிடுவீங்களோ அதையே குடுங்க. அதுதான் அவங்களுக்கு வேணும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதைச் சொன்னதற்காக மட்டும் அந்தப் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் சொன்னதைக் கேட்காதது நாங்கள்.

மிஸ் போன பிறகு கூட்டம் கலையவில்லை. நான் எழுந்து சொன்னேன். "ரொட்டியும் மொளகா இடிச்ச கட்டச் சம்பலும் வைப்போம். பிளேன்டீ குடுப்போம். லெட்டர்ல எழுதுனது அதுதான்."

பெரியாயி அக்கா என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. அறுபது வயதைத் தாண்டியவள். தோட்டத்து விசேஷங்களில் சமையல் அவள் பொறுப்பு.

"ஏ புள்ள இருதயம், ஒனக்குப் புத்தி கித்தி இருக்கா? அம்மாந்தூரத்துலருந்து ஒரு மனுசன் வந்து எலையில ஒக்காருறான். அவனுக்கு ரொட்டியவா போடுவ? நாய்க்குப் போடுற மாதிரி?"

"நம்ம திங்கிறதுதானக்கா அது."

"நம்ம திங்கிறத நம்மதான் திங்கணும். ஊரெல்லாம் காட்டணுமா?"

புவனேந்திரன் குறுக்கே வந்தான். எல்ல என்ற சுற்றுலா ஊரில் ஒரு ஹோட்டல் அடுப்படியில் வேலை செய்கிறவன். லீவில் வந்தால் தலையில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டுதான் லயத்தில் நடப்பான்.

"அத்தை, வெள்ளக்காரன் என்ன திம்பான்னு எனக்குத் தெரியும். ஆறு வருசமா அவன் திங்கிறதத்தான் ஆக்குறேன். ஃப்ரைட் ரைஸ், டெவில் சிக்கன், ஒரு சலாது. வேற ஒண்ணும் வேணாம். ரொட்டியக் குடுத்தா வயித்தப் புடிச்சிட்டு ஒக்காந்துருவான்."

"அவன் வந்தது தின்னுறதுக்கு இல்லடா, பாக்குறதுக்கு," என்றேன்.

"பாக்கட்டும். நம்மளையும் மனுசன்னு பாக்கட்டும்."

அதற்குக் கைதட்டு விழுந்தது. தோட்டத் தலைவர் விஜேந்திரன் எழுந்து, "வீட்டுக்கு ஒரு கோழி. எல்லாருக்கும் சம்மதந்தானே?" என்றார். தலைவர் கேட்கும் கேள்விகள் எப்போதும் அப்படித்தான் முடியும். தோட்டத்தை நடத்துகிற துரையிடம் போய்க் கேட்கும்போது மட்டும் கேள்வியே வராது.

மண் வந்தபோது எங்களிடம் இருந்தது போனது. போகாமல் மிஞ்சிய ஒன்று இந்த வீம்பு. பிள்ளைக்கு முட்டை இல்லாமல் போனாலும் பரவாயில்லை, வருகிறவன் எங்களை ஏழை என்று நினைத்துவிடக் கூடாது. ஏழை என்று நினைக்க வேண்டும் என்பதற்காகத்தான் அவனைக் கூப்பிட்டிருந்தோம். இதை மற்றப் பதின்மூன்று குடும்பத்தில் ஒருவரும் யோசிக்கவில்லை. யோசித்த நான் என்ன செய்தேன்? பதின்மூன்று வீட்டிலிருந்து கோழி போன பிறகு, பதினான்காவது வீட்டுக்காரி கொடுக்கவில்லை என்ற பேச்சு வரக்கூடாது என்பதற்காகப் புள்ளிக் கோழியைக் கால் கட்டி நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்கு முந்தின நாள்கூட அது முட்டையிட்டிருந்தது.

அவர்கள் வந்த அன்று வெயில் நன்றாக இருந்தது. மூன்று வாகனம். தூதுவர் உயரமான மனிதர், சட்டைக் கையை முழங்கை வரை மடித்திருந்தார். மலையைப் பார்த்து "அழகு" என்றார். மிஸ் மொழிபெயர்த்தார். அவர் காட்டிய மலை எது என்று எங்களுக்குத் தெரியும்.

பந்துத்திட்டில் தகரப் பந்தல். மேசைமேல் வெள்ளைத் துணி, அதன்மேல் வாழையிலை, இலைமேல் ஃப்ரைட் ரைஸ். கரட்டை ரோசாப்பூவாக வெட்டி வைத்திருந்தான் புவனேந்திரன். நடுவில் பெரிய தட்டில் சிவப்பாகக் கோழி. பிள்ளைகள் அதையே பார்த்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அவர்களை மேசைப் பக்கம் வராமல் தடுக்க தலைவர் ஒரு குச்சியோடு நின்றார்.

பாலம் என்றால் அவர்களும் ஏதாவது தர வேண்டுமே. கறுப்பாக ஒரு ரொட்டியும், பெட்டியில் துண்டு துண்டாக மஞ்சள் கட்டியும் கொண்டுவந்திருந்தார்கள். ஒரு சின்னப் பெண் முகர்ந்து பார்த்துவிட்டு, "மிஸ், இது சவுக்காரமா?" என்று கேட்டாள். சோப் இல்லை, சீஸ் என்று மிஸ் சொன்னார். பிள்ளைகள் வாயில் போட்டார்கள், தூதுவர் திரும்பிய நேரம் பார்த்துக் கையில் துப்பிக்கொண்டார்கள். அது மட்டும்தான் அன்றைக்கு நடந்த நேர்மையான காரியம்.

தூதுவர் நன்றாகவே சாப்பிட்டார். கையால் சாப்பிட்டார், அதைப் படம் எடுத்தார்கள். ஒரு துண்டு முடியும் முன் பெரியாயி அக்கா அடுத்த துண்டை வைத்தாள். அவருக்குப் பக்கத்தில் கொழும்பிலிருந்து வந்த ஒரு தமிழ் அலுவலர் கோப்போடு உட்கார்ந்திருந்தார். சின்ன வயது, சுத்தமான நகம். இடது கையில் என் கடிதம், வலது கையில் கோழிக்கால். கடிதத்தை ஒருமுறை பார்த்தார், இலையை ஒருமுறை பார்த்தார்.

"இதுல இறைச்சி சாப்பிட்டு மாசக்கணக்கா ஆகுதுன்னு இருக்கே?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையில் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

நான் எழுந்து பேச வேண்டும். இது எங்கள் சாப்பாடு இல்லை, இதோ நிற்கிற பிள்ளைகளைக் கேளுங்கள், வாங்க, லயத்துக்கு வந்து சுவரில் கையை விட்டுப் பாருங்கள் என்று சொல்ல வேண்டும். பாதி எழுந்தும் விட்டேன். அதற்குள் தலைவர் முந்திக்கொண்டார்.

"அது எழுதுனப்ப அப்படிங்க. இப்ப பரவாயில்லைங்க. ஆண்டவன் புண்ணியத்துல நல்லா இருக்கோம்."

"நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கோங்க."

"எடுத்துக்கங்க தம்பி, கூச்சப்படாதீங்க," என்று அவர் இலையில் இன்னொரு துண்டை வைத்தாள் பெரியாயி அக்கா. வேறு நாலைந்து பேரும், "ஆமாங்க, நல்லா இருக்கோங்க," என்றார்கள். விருந்தாளி எங்களிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் வேறு பதில் எங்களுக்குத் தெரியாது. பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டும் அதைத்தான் சொல்லுவோம்.

நான் உட்கார்ந்துவிட்டேன். எழுந்தால் பதின்மூன்று குடும்பத்தை அந்நியர் முன்னால் பொய்யர் ஆக்க வேண்டும். உட்கார்ந்ததால் என் கடிதம் பொய்யானது. அந்தத் தம்பி பேனாவை எடுத்துக் கடிதத்தின் ஓரத்தில் ஏதோ சின்னதாக எழுதினார். பிறகு எலும்பைக் கடித்தார்.

லயத்தைப் பார்க்க நேரம் இருக்கவில்லை. அடுத்த பாலம் மொனராகலைப் பக்கம் இருந்ததாம்.

வாகனங்கள் போனதும் தலைவர் மிச்சத்தைப் பிள்ளைகளுக்குப் பங்கு போட்டார். "பாத்தியா இருதயம்மா, எப்படித் தின்னாரு! வீடு வந்த மாதிரிதான்," என்றார். புவனேந்திரனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். நான் சட்டி கழுவினேன். புள்ளிச் சிறகு ஒன்று சட்டிக்கடியில் ஒட்டியிருந்தது.

நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. நான்தான் வாசித்துக் காட்டினேன். சமூகத்தின் விருந்தோம்பலும் சமையல் திறமையும் தூதுவரை மிகவும் கவர்ந்தனவாம். போசாக்கு நிலை திருப்தியாம். வீட்டுத் திட்டம் கூடிய தேவையுள்ள வேறொரு தோட்டத்துக்கு வழங்கப்பட்டதாம், எங்களுடையது அடுத்த கட்டத்தில் பரிசீலிக்கப்படுமாம். ஆனால் எங்கள் திறமையை வளர்க்கும் நோக்கில் பந்துத்திட்டில் ஒரு "உணவுப் பண்பாட்டு நிலையம்" கட்டித் தரப்படும்.

"அது எத்தன வீடு?" என்று கேட்டாள் பெரியாயி அக்கா.

"வீடில்ல அக்கா, ஆக்குற குசினி ஒண்ணு."

"ஒண்ணா?"

"ஒண்ணுதான்."

அவள் ஒரு விரலை நீட்டிப் பார்த்தாள், மடக்கினாள். பிறகு, "காரம் கொஞ்சம் கூடிப் போச்சோ?" என்றாள். நான் சிரிக்கவில்லை. அவள் உண்மையாகவே கேட்டாள்.

கட்டினார்கள். தோட்டத்தில் இருந்த ஒரே நல்ல நிலத்தில், ஆழமாகக் கம்பி போட்டு, கண்ணாடி யன்னல் வைத்து, ஆறு கேஸ் அடுப்போடு கட்டினார்கள். அந்த வருஷ ஐப்பசி மழை, பதில் வருமுன்பே, எங்களை விட்டுவிட்டுப் போயிருந்தது. மலைக்கு மறதி வந்திருக்கும். அடுத்த சித்திரையில் திறப்பு விழா. முன்னால் மூன்று மொழியில் பலகை மாட்டினார்கள்: மலையக மரபு ரொட்டி அனுபவம். எந்த ரொட்டியை மேசைமேல் வைக்க வெட்கப்பட்டோமோ அதே ரொட்டி. எல்லவிலிருந்து வான் வண்டியில் வந்த வெள்ளைக்காரர்களுக்கு மா பிசையச் சொல்லிக் கொடுக்க ஆறு பெண்களை எடுத்தார்கள். வந்தவர்கள் பிசைந்தார்கள், கையில் ஒட்டிய மாவோடு படம் எடுத்தார்கள், பாதி தின்றுவிட்டுப் போனார்கள். கோதுமை மா கப்பலில் வருகிற மா, கம்பனி றாத்தல் கணக்கில் அளந்து கொடுத்த மா. வேறு வழியில்லாமல் நாங்கள் சுட்டுத் தின்றதை, ஆதியிலிருந்து வந்த மரபு என்று மிஸ் விளக்கம் சொன்னார். கிளாக்கர் வீட்டுப் பெண்ணுக்கு இது தெரியாமல் இல்லை. மூன்று மாதத்தில் வான் வருவது நின்றது. கதவுக்குப் பூட்டுப் போட்டார்கள். சாவி பதுளையில்.

இரண்டாவது ஐப்பசி மழை எங்களை மறக்கவில்லை. மூன்று நாள் விடாமல் பெய்தது. இரண்டாம் நாள் காலையில் கிராம சேவகர் ஒலிபெருக்கியோடு வந்து, எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள் என்றார். பள்ளிக்கூடம் ஆற்றுக்கு அந்தப் பக்கம். ஆறு கலங்கி இடுப்புக்கு மேல் ஓடியது. நாங்கள் பாய், சட்டி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பந்துத்திட்டுக்கு ஏறினோம். ஏறி, நிலையத்தின் தாழ்வாரத்தில் நனைந்துகொண்டு நின்றோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காய்ந்த தரை. சுவரில் தூதுவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பூட்ட ஒடைச்சா கேஸ் போடுவாங்க," என்றார் தலைவர். "மிஸ்ஸுக்குக் கோல் எடுத்துக் கேப்போம்."

"எடுங்க தலைவரே."

எடுத்தார். மிஸ் கூட்டத்தில் இருந்தாராம். பிறகு அழைப்பதாகச் சொன்னாராம்.

நான் கீழே இறங்கிப் போய், கல் பெயர்க்கிற அலவாங்கைக் கொண்டுவந்தேன். எனக்குப் பின்னால் யாரும் வரவில்லை, என்னை யாரும் தடுக்கவும் இல்லை. இரண்டு முறை நெம்பியதும் பூட்டு விட்டது. நிலுக்ஷி இருந்த காம்பராவுக்கு இந்த அலவாங்கு போய்ச் சேர ஒரு வழி இருந்திருந்தால் என்று அப்போது நினைத்தேன். பிறகு கதவைத் திறந்து பிள்ளைகளை உள்ளே விட்டேன்.

மறுநாள் மத்தியானம் பணிய லயத்தின் பின்சுவர் விழுந்தது. ஏழு காம்பராவுக்குள் கூரை உயரத்துக்கு மண். உள்ளே ஆள் இல்லை. நாங்கள் யன்னலில் நின்று பார்த்தோம். பெரியாயி அக்காவின் காம்பரா நடுவில் இருந்தது. அவள், "என் உரலு," என்றாள்.

நாலாம் நாள் மழை வெளித்தது. மிஸ் வந்தார். கூடவே அந்தக் கொழும்புத் தம்பி. கையில் குடை, காலில் சேறு. யாராவது செத்தார்களா என்று முதலில் கேட்டார்கள், இல்லை என்றதும் முகம் தெளிந்தது. அடுத்த கேள்வி பூட்டைப் பற்றி.

நான் வாசற்படியில் உட்கார்ந்து ரொட்டி தட்டிக்கொண்டிருந்தேன். கேஸ் தீர்ந்துபோயிருந்ததால் தாழ்வாரத்தில் மூன்று கல் வைத்து விறகு எரித்தோம். வெள்ளைச் சுவரில் புகை ஏறியிருந்தது.

"யாரும்மா ஒடைச்சது?" என்றார் மிஸ்.

"நான்தான்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? வாற கெழம கொழும்புலருந்து ஒரு குரூப் வருது. சுவரெல்லாம் இப்படி ஆக்கி வச்சிருக்கீங்களே."

கொழும்புத் தம்பி கல்லில் வேகிற ரொட்டியையும் கிண்ணத்தில் இருந்த சம்பலையும் பார்த்தார். என்னை அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை. "இதுதான் சாப்பாடா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"லெட்டர்ல எழுதியிருந்தேனே, தம்பி. நீங்க கையில வச்சிருந்தீங்க."

அவர் குடையை மடக்கினார். மறுபடி விரித்தார்.

உள்ளேயிருந்து பெரியாயி அக்கா தலைத்துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். மண்ணுக்குள் போன காம்பராக்காரி, இரண்டு கோப்பையைத் தேடி எடுத்துத் துடைத்தாள். பழக்கம். "நின்னுகிட்டே இருக்காங்களே பாவம், தேத்தண்ணி..." என்று தொடங்கினாள்.

நான் அவள் கையைப் பிடித்தேன். மாவுக் கையால்தான் பிடித்தேன்.

"உக்காருங்கக்கா."

"என்னடி, வாசலுக்கு வந்தவங்க."

"உக்காருங்க."

உட்கார்ந்தாள். கோப்பைகளை மடியில் வைத்துக்கொண்டாள். நான் ரொட்டியைத் திருப்பிப் போட்டேன், வெந்ததை எடுத்து வரிசையில் இருந்த பிள்ளைக்குக் கொடுத்தேன், அடுத்த உருண்டையைத் தட்டினேன். நாங்கள் எப்போது போவோம் என்று மிஸ் கேட்டார். பந்துத்திட்டில் பதினான்கு வீடு கட்டிய பிறகு என்றேன். வேறொன்றும் நான் கேட்கவில்லை. அவர்கள் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார்கள். அடுப்போரத் தணலில் தேத்தண்ணிக் கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் அவர்களுக்கும் கேட்டிருக்கும்.